யாரும் எடுக்காத போன்

போன வாரம் ஒரு நாள் காலை, எங்கள் ஊரில் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அடித்தது. ஒருவர்கூட எடுக்கவில்லை.

ஒருவர்கூட என்றா சொன்னேன்? தவறு. சின்னத்தம்பி மாமா எடுத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகளே, இந்தப் பகுதியை வாராவாரம் வாசிக்கிற உங்களுக்கு என் மகள் நிவேதாவைத் தெரியும். சின்ன வயதில் டிராக்டர் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள் என்று முன்பு எழுதியிருக்கிறேன். இப்போது அவள் இன்ஜினியர். சென்னையில் நல்ல வேலையில் இருந்தாள். போன வருடம் அதை விட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கம்பெனி தொடங்கினாள். கம்பெனி என்றால் அவள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை ஃபேன். அவ்வளவுதான். அதற்கு அவள் வைத்த பெயர் 'வந்தாச்சு'.

என்ன வந்தாச்சு? தண்ணீர்தான்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. அதாவது, ஆற்றுத் தண்ணீர் மற்ற ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேருகிற இடம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது முறை வைத்து விடுவார்கள். இந்த வாய்க்காலுக்குச் சில நாள், பிறகு இதை அடைத்துவிட்டு அடுத்த வாய்க்காலுக்குச் சில நாள். எந்தத் தேதியில் நம் முறை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எந்த நேரத்தில் வந்து சேரும்? அதை யார் சொல்வது? தண்ணீர் வரும்போது மடையைத் திறக்க ஆள் இல்லை என்றால், அது நம் வயலைத் தாண்டி வடிகாலில் போய் விழும். பயிர் காய்ந்தபடியே நிற்கும்.

நிவேதா என்ன செய்தாள் தெரியுமா? அனுமதி வாங்கி, வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில், தண்ணீரைத் திறந்து அடைக்கிற ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினாள். தண்ணீர் வந்து தொட்டதும் அது ஊரில் உள்ள எல்லாருக்கும் போன் போடும். அதன் நம்பரை எல்லாரும் போனில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். எடுத்தால் ஒரு பெண்குரல் பேசும். தண்ணீர் வந்துவிட்ட செய்தியைச் சொல்லும். கூடவே விதை நெல் எங்கே கிடைக்கும், அறுவடை மெஷின் யாரிடம் இருக்கிறது என்று விளம்பரமும் சொல்லும். கம்பெனிக்கு வருமானம் அந்த விளம்பரத்தில்தான்.

எங்கள் முறை வருகிற நாளில் அது முதல் தடவை அடிப்பதைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து வசந்தி மேடம் வந்திருந்தார். அவர் ஒரு இன்வெஸ்டர்.

இன்வெஸ்டர் என்றால் யார்? நான் பத்தாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாற்று விடும்போதே வந்து, விதைக்கும் உழவுக்கும் பணம் போட்டு, விளைச்சலில் பங்கு பேசிக்கொள்கிறவர். அவர் பணம் போட்ட நாற்றங்கால்களில் பெரும்பாலானவை அழுகிவிடும். ஏதாவது ஒன்று அமோகமாக விளையும். அந்த ஒன்று எது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில்.

மேடம் சரி என்று சொன்னால் 'வந்தாச்சு' பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போகும். இல்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிவேதாவின் சேமிப்பு தீர்ந்துவிட்டது. இது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டேன்.

மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "போனை எடுங்கன்னு யாருக்கும் முன்னாடியே சொல்லி வைக்காத. சொல்லி வச்சா எல்லாரும் எனக்காக எடுப்பாங்க. எனக்கு நெசம் தெரியணும்."

ஊர் நூலகத்துக்கு முன்னால் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டிருந்தோம். சென்னையிலிருந்து யாரோ வந்திருக்கிறார்களாம் என்று விவசாயிகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டீ வந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

காத்திருந்த நேரத்தில் மேடம் தன் கதையைச் சொன்னார். இன்டர்நெட் நம் பக்கம் வந்த புதிதில் அவர் முதன்முதலாகப் பணம் போட்டது கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில்.

"ஒலகத்துல இருக்கிற எல்லா விஷயமும் இதுல இருக்கு, ஜனங்க வந்து படிச்சுத் தள்ளப் போறாங்கன்னு நெனச்சோம். யாரு படிச்சா? பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு மட்டும் தெரு வரைக்கும் கூட்டம் நிக்கும். மத்த நாள்ல ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம்."

"அப்புறம் எப்படிம்மா பொழப்பு ஓடுச்சு?" என்று சின்னத்தம்பி மாமா கேட்டார். இவர் என் மனைவிக்குத் தாய்மாமன். ஊரில் எல்லாருக்கும் மாமா. எதையும் கேட்டுவிடுவார்.

"ஒரு அம்மா மட்டும் வாராவாரம் வருவாங்க. தாராசுரம் பக்கம். பையன் சிங்கப்பூர்ல. கேமரா முன்னாடி உக்காருவாங்க, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு. அதிகமா பேசவே மாட்டாங்க. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஏம்மா, பேசுங்களேன், நேரம் போவுதேன்னு எங்க ஆளு சொல்லுவான். பேசிட்டா பாக்க முடியாதுல்ல தம்பிம்பாங்க."

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில்தான்.

அப்போதுதான் போன்கள் அடித்தன.

சட்டைப் பையில், மடியில், சைக்கிள் கூடையில் என்று எல்லா இடத்திலிருந்தும் சத்தம். நிவேதாவின் முகம் மலர்ந்தது. லேப்டாப்பை மேடம் பக்கம் திருப்பினாள். விவசாயிகள் போனை எடுத்துப் பார்த்தார்கள். 'நிவேதா தண்ணி' என்று பெயர் வந்தது. பார்த்தார்கள்… அடித்து ஓயட்டும் என்று அப்படியே பையில் போட்டுக்கொண்டார்கள். எழுந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார்கள். போய்விட்டார்கள்.

எடுத்தது சின்னத்தம்பி மாமா மட்டும்தான். புதிதாக வாங்கிய பெரிய போன்.

"அலோ… யாரும்மா? வணக்கம், வணக்கம். நல்லா இருக்கேன். நீ எந்த ஊரும்மா?… என்னாது, ஒன்ன அழுத்தணுமா? எதுல?"

பக்கத்தில் நின்ற என் தம்பி முறை கோவிந்தராசு அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்தார்.

"ஏன் மாமா எடுத்தீங்க? பாவம், அந்தப் புள்ளைக்குக் காசு போவுதுல்ல?"

"அதுவா பேசுது கோவிந்து. நான் என்ன பண்ணுவேன்?"

"அடிச்சா எந்திரிச்சுப் போவ வேண்டியதுதான. என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?"

இருவரும் போய்விட்டார்கள். காலி நாற்காலிகளும் பாதி குடித்த டீயும் நாங்கள் மூன்று பேரும்தான் மிச்சம். லேப்டாப்பில் ஒரு வரி தெரிந்தது. எடுத்தவர்: ஒருவர்.

நிவேதா லேப்டாப்பை மூடினாள். "சாரி மேடம். வேலை செய்யல" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது.

மேடம் அவளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இவங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மடை தொறக்கத்தான் மேடம்."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார். நாங்கள் பின்னாலேயே போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆட்கள் மண்வெட்டியோடு குனிந்திருந்தார்கள். வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு மடைகூட அடைத்துக் கிடக்கவில்லை.

நடந்துகொண்டே அவருக்கு எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். செல்போன் வந்த புதிதில் பேசினால் காசு. ரிங் அடித்தால் காசில்லை. அதனால் தலைப்பில் நிற்கிறவர் ஒரு ரிங் கொடுப்பார். தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. எடுத்தால் அடித்தவரின் காசு போகும். மறுநாள் சண்டைக்கு வருவார். அந்தக் காலம் போய்விட்டது. இன்று எவ்வளவு பேசினாலும் தனிக் காசு இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் தண்ணீர் போனை யாரும் எடுப்பதில்லை. அது ஒரு மரியாதை. நம் ஊர்ப் பிள்ளை, அதற்குச் செலவு வைக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் நினைப்பு.

"நிவேதா, நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே? ஒனக்கு எப்படித் தோணாமப் போச்சு?" என்றார் மேடம்.

"ஆபீஸ்ல உக்காந்து பழகிட்டேன் மேடம். அங்க போன் அடிச்சா எடுப்பாங்க."

மேடம் சிரிக்கவில்லை. வரப்பிலேயே நின்று யோசித்தார்.

"நான் எங்க பணம் போட்டாலும் இதையேதான் பாத்திருக்கேன். நாம ஒண்ணு செஞ்சு குடுப்போம். ஜனங்க அதுல காசில்லாத மூலை எதுன்னு பாத்து அங்க போயி உக்காந்துக்குவாங்க. சரி, நான் பணம் போடுறேன். ஆனா ஒரு மாத்தம் பண்ணணும்."

"சொல்லுங்க மேடம்."

"ரிங் வந்தாலே தண்ணின்னு இருக்கக் கூடாது. தெனமும் நாலஞ்சு தடவை அடிக்கட்டும். வெதைக்கு, உரத்துக்கு, மெஷினுக்கு. எடுத்துக் கேட்டாத்தான் எது தண்ணின்னு தெரியணும். அப்ப எல்லாரும் எடுப்பாங்க. எடுத்துத்தான் ஆவணும்."

நிவேதா வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காத. இன்னிக்குப் பெருசா நிக்கிற பல கம்பெனி இப்படித்தான் வளந்துச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க எனக்கு வேற வழி தெரியாது. நாளைக்குச் சொல்லு."

அவர் மறைக்காமல் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகளே, உங்கள் வீட்டு போன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'டிங்' என்கிறது? அதில் எத்தனை உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய செய்தி? அப்பா, அம்மா ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறார்களே… ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? எது தண்ணீர், எது விளம்பரம் என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். யாரோ எங்கேயோ உட்கார்ந்து அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கே அன்றைக்குத்தான் இது உறைத்தது.

மறுநாள் காலை நிவேதா சாப்பிடாமல் மாடியிலேயே இருந்தாள். காபியோடு போனேன்.

"பணத்தை வாங்கிக்கம்மா. மத்ததைப் பொறவு பாத்துக்கலாம்" என்றேன். அப்பன் வேறென்ன சொல்வான்?

"ரிங் வந்துச்சுன்னா தண்ணின்னு நம்பி ஓடுறாங்கப்பா. நான் பத்து நாள் வெதைக்கும் உரத்துக்கும் அடிச்சேன்னு வைங்க… பதினோராவது நாள் நெசமாவே தண்ணி வரும். யாரும் எந்திரிக்க மாட்டாங்க. கோவிந்தராசு சித்தப்பா போனை வீட்டுல வச்சுட்டுப் போயிடுவாரு."

"ஒன் கம்பெனி?"

"அதுதாம்ப்பா…" என்று மட்டும் சொன்னாள். காபியை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

என் முன்னாலேயே மேடத்துக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். முடியாது என்பதை மரியாதையாகச் சொன்னாள். வேறு வழியில் வருமானம் வருமா என்று யோசித்துப் பார்த்ததையும், ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப நான் பணம் போட முடியாதும்மா" என்றார் மேடம்.

"புரியுது மேடம்."

"தாராசுரத்து அம்மாவப் பத்திச் சொன்னேன்ல? மீதிய நான் சொல்லல. சென்டர்ல லாபம் இல்லன்னு மூடிட்டேன். அவங்களுக்குச் சொல்லணும்னு எங்க யாருக்கும் தோணல. அடுத்த வாரம் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்து பூட்டுன கதவு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்களாம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு. இன்னிக்கு ஒலகமே போன்ல மூஞ்சி பாத்துப் பேசுது. அன்னிக்கு அந்த அம்மா எனக்கு அதைத்தான் காட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் வாடகைக் கணக்கு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நிவேதா காபியைக் கீழே வைத்தாள்.

"கம்பெனிய மூடிக்க. அந்த ரிங்க மட்டும் மூடாத" என்று சொல்லிவிட்டு மேடம் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நிவேதா சென்னைக்கு பஸ் ஏறினாள். பழைய வேலைக்கே திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். போவதற்கு முன் அந்தப் பெண்குரலையும் விளம்பரங்களையும் எடுத்துவிட்டாள். இப்போது அந்தக் கருவி ஒரே ஒரு ரிங் கொடுக்கும். அவ்வளவுதான். அதற்குள் இருக்கிற சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதைக் கோவிந்தராசு ஏற்றுக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கி வந்தவர் சின்னத்தம்பி மாமா. "இனிமே எடுக்க மாட்டேம்மா" என்று அவளிடம் சத்தியம் செய்தார். அவள் சிரித்தாள். பஸ் கிளம்பியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தோற்றுவிட்டாளா? என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாடி அறையில் அந்த மேசை ஃபேன் அப்படியே இருக்கிறது. எடுத்து வைக்க மனம் வரவில்லை.

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தபோது போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"யாருங்க?"

"நம்ம நிவேதாதான்."

"என்ன சொல்றா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டே சொன்னேன்.

"தண்ணி வந்தாச்சாம்."