மலைக்குப் போன சாட்சி

யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்பவர் உத்தமராகவே இருக்கலாம். இருந்தாலும் கண்ணை மூடி ‘ஸ்தோத்திரம்’ சொல்ல என்னால் முடிவதில்லை. இதற்கெல்லாம் ஒரு மேனேஜர்தான் காரணம். இத்தனை வருஷம் கழித்தும் அவர்மேல் இருக்கும் கோபம் எள்ளளவும் குறையவில்லை, குறைக்கிற உத்தேசமும் எனக்கு இல்லை.

அப்போது அப்பாவின் வேலைக்காக நாங்கள் ஒரகடத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. அம்மாவின் தங்கை, என் சித்தி, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். எங்கள் சபை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பிள்ளைகள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து, பிரசங்கத்தின்போது உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். போதகர் அவர்களை எழுப்ப மாட்டார், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறையில் வாலிபர் குழு ஜவ்வாது மலைக்கு ஊழியப் பயணம் போவதென்று முடிவானது. மலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு, வீட்டுக்கு வீடு கம்பளி, சாயங்காலம் கூட்டம். சித்தி பெயர் கொடுத்தாள். பாட்டுக்கு அபிநயம் செய்து காட்ட ஒரு வாலு வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் செம்மணல் தேரி உண்டு, ஒரகடத்தில் கம்பெனி மதில் உண்டு. வகுப்பில் ஒருத்தரையும் விடாமல் சொல்லிவைத்தேன்.

பயணத்துக்கு ஒத்திகை நடந்தது. ஆராதனை முடிந்ததும் குழுவில் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சுருக்கமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அதுதான் சாட்சி. அதைக் கேட்டுத் திருத்தம் சொல்வது குழுத் தலைவரான மேனேஜர் பிரதர். வேறொரு கம்பெனியில் பெரிய பதவி, மலைக்கு வேனும் அவர் ஏற்பாடு. “இன்னும் கொஞ்சம் கண்ணீர் வரணும்” என்பார். குடியை விட்டதாகச் சாட்சி சொன்ன ஓர் அண்ணன், முதல் ஞாயிறு சொன்னபடி, எப்போதாவது பீர் குடிப்பவனாக இருந்தான். இவர் திருத்தத் திருத்த, கடைசி ஞாயிறு சாட்சியில் சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்தான்.

சித்தியின் சாட்சி வேறு மாதிரி. லைனில் அவளுக்குப் பக்கத்தில் வேலை செய்த பெண், சாப்பிடாமல் வந்து ஓவர்டைமும் சேர்த்துப் பார்த்ததில் மயங்கி விழுந்துவிட்டாள். டார்கெட் முடியட்டும், அதுவரை ஓரமாகப் படுக்க வை என்றிருக்கிறார் சூப்பர்வைசர். அங்கே லைனை நிறுத்த ஒரு சிவப்புப் பட்டன் உண்டு, கேட்காமல் யாரும் தொடக் கூடாது. பல்லியைக் கண்டாலே அலறுகிற சித்தி, ‘ஆண்டவரே’ என்று சொல்லி அதை அமுக்கிவிட்டாள். லைன் நின்ற பிறகுதான் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். தனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார் என்பதுதான் சித்தியின் சாட்சி.

அந்தப் பெண் பிள்ளைப்பாக்கத்துக்காரி. எங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. அவளைக் கேட்காமல் சித்தி வாய் திறக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து கேட்டாள்.

“தாராளமா சொல்லுக்கா,” என்றாள் அவள். “ஆனா பசி மயக்கம்னே சொல்லு. நோயி கீயின்னு பேச்சு வந்துச்சுன்னா அவ்ளோதான். வூட்ல மாப்ள பாத்துகினு கீறாங்க.”

“ஒம் பேரும் வராது, ஊரும் வராது. போதுமா பிள்ள?” என்று சித்தி வாக்குக் கொடுத்தாள்.

ஒத்திகையில் சித்தி சொல்லி முடித்ததும் மேனேஜர் பிரதரின் முகம் சுருங்கிப்போனது.

“சிஸ்டர், இது சாட்சி இல்ல. கம்ப்ளெய்ன்ட்.”

பட்டனையும் சூப்பர்வைசரையும் எடுத்துவிடச் சொன்னார். பெண் விழுந்தாள், சித்தி தலையில் கைவைத்து ஜெபித்தாள், அவள் கண் திறந்தாள். அவ்வளவு போதுமாம்.

“அவ கண்ணு தொறக்கலியே பிரதர். ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்துன பெறகுதான தொறந்தா.”

“அந்த டிரிப்ஸ்ல இருந்த வல்லமை யாரோடதுன்னு நினைக்கிறீங்க?”

“அப்ப பட்டன்லயும் அவரு வல்லமைதான இருக்கும். அதையும் சொல்லலாம்லா.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தியின் பயணம் அந்தச் சிரிப்போடு முடிந்தது. அடுத்த ஞாயிறு மேனேஜர் பிரதர் வந்து, தான் ஜெபித்துப் பார்த்ததாகவும், சித்தி இங்கேயே இருந்து குழுவுக்காக மன்றாட வேண்டும் என்று ஆண்டவர் உணர்த்தியதாகவும் சொன்னார். சித்தி இல்லாமல் என்னை அம்மா அனுப்ப மாட்டாள் என்பதை மட்டும் ஆண்டவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் அழுது தீர்த்தேன். இங்கே அவர் சொல்கிறபடி சொல்லிவிட்டு மலையில் போய் உள்ளதைச் சொல்லேன் என்று சித்திக்கு யோசனைகூடச் சொன்னேன். “பொய்யச் சொல்லிக்கிட்டு ஆண்டவர் பேர எப்படிட்டி எடுக்க?” என்றாள். இந்த ஒரு கேள்விக்காக ஒரு மலையைத் தொலைப்பார்களா என்று அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

பயணம் முடிந்து வந்த ஞாயிறு ஹாலில் நிற்க இடமில்லை. மேனேஜர் பிரதர் மைக்கைப் பிடித்தார். மலையில் ஒரு சாட்சியைக் கேட்டு ஜனங்கள் தேம்பி அழுதார்கள் என்றார். அதை இங்கேயும் சொன்னார்.

“நம்ம பிள்ளைப்பாக்கத்துப் பொண்ணு ஒண்ணு. செல்போன் கம்பெனியில வேலை. சின்ன வயசுலேருந்து தீராத வலிப்பு. லைன்லயே விழுந்துடுச்சு. நம்ம சபை சிஸ்டர் ஒருத்தங்க தலையில கைய வச்சு ஜெபிச்சாங்க. அந்த நிமிஷமே எழுந்து உட்கார்ந்துச்சு.”

ஹால் முழுக்க அல்லேலூயா. சித்தி சொல்லாத ஊரை அவர் எங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டாரோ. எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்களை விட்டுவிட்டுப் போனாலும் எங்கள் கதை மலையேறிவிட்டதே. சித்தியை முழங்கையால் இடித்தேன். அவள் எழுந்து நின்றாள்.

“பிரதர், அந்தப் பிள்ளைக்கு நோய் ஒண்ணும் கெடயாது. பசியில விழுந்தா.”

அவர் மைக்கைத் தாழ்த்தாமல் கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்தார். பாட்டு எழும்பியது, எல்லோரும் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். சித்தி அதையே இன்னொரு தடவை சொன்னாள். உதடு அசைவதுதான் தெரிந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்து நேரே பிள்ளைப்பாக்கம் போனோம். அந்தப் பெண் தலைக்குக் குளித்து முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சித்தி வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“நீ சொல்லலியேக்கா. நீ எதுக்கு அழுவுற?”

“நா வாயத் தொறக்காம இருந்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா. என்னைய மன்னிச்சிரு பிள்ள.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொன்னவருக்கு அங்கே கைதட்டல். உள்ளதைச் சொன்ன என் சித்தி இங்கே இன்னொருத்தி வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். வா, திரும்பப் போய் அந்த ஆளைக் கேட்போம் என்று கத்தினேன்.

அந்தப் பெண் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“மெதுவா பேசு பாப்பா,” என்றாள். “பக்கத்து வூட்டுக்காரங்க உங்க சபைக்குத்தான் வராங்க.”

பிறகு இரண்டு பேரும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். பசியில் விழுந்தது ஒரு குற்றமா, இவள் எதற்குக் கதவைச் சாத்துகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.