மாமா வண்டி எவ்வளவு கொடுத்தது

பெட்ரோல் பங்கில் நானும் உங்கள் பெரிய மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அந்தச் சிவப்புக் காரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. டேங்க் நிரம்பியதும் குழாய் தானாகவே நின்றுவிடும். ஆனால் உள்ளே காற்று கொஞ்சம் தங்கியிருக்கும், வண்டியை ஆட்டினால் அந்தக் காற்று வெளியே வந்து இன்னும் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும் என்பது மாமாவின் கணக்கு. கழுத்து வரை நிரப்பிக்கொண்டு பாண்டிச்சேரி போய்த் திரும்பி, அதே பங்கில், அதே குழாயில், மறுபடி கழுத்து வரை நிரப்பினால்தான் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று சரியாகத் தெரியுமாம். "அந்தாண்ட அழுத்து மாப்ள, சோறு துன்னலியா?" என்று என்னை விரட்டினார். பெட்ரோல் போடுகிற பெண் குழாயைக் கையில் பிடித்தபடி, "அண்ணே, இது காரா தொட்டிலா? உள்ள கொழந்த தூங்குதா?" என்றது. டயருக்குக் காற்று பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அது அவர்கள் வண்டி வாங்கிய புதிது.

போன வாரம் மாமா வந்துவிட்டுப் போனபோது நீங்கள் இரண்டு பேரும் அந்தக் காரைப் பார்த்து "டேங்கர் லாரி வருது, டேங்கர் லாரி வருது" என்று கேலி செய்தீர்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அவர் போன பிறகு நான் உங்களைத் திட்டினேன். காரணம் சொல்லாமல் திட்டியது சரியில்லை. உட்கார வைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

மாமா சுரங்கத்தில், மண்ணையும் நிலக்கரியையும் பெல்ட்டில் கொண்டுபோகிற கன்வேயர் பகுதியில் பர்மனென்ட் வேலையில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதே சுரங்கத்தில், புழுதி அடங்கப் பாதைக்குத் தண்ணீர் அடிக்கிற லாரியில் கான்ட்ராக்ட் டிரைவர். அவர் குவார்ட்டர்ஸ்காரர், நாம் வெளியே வாடகை வீடு. ஆனாலும் என்னை ஒரு நாள்கூட அவர் தாழ்த்திப் பேசியதில்லை. கிண்டல் மட்டும் ஓயாது. அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போனபோது, வாரத்துக்கு இரண்டு முறை பாண்டிச்சேரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டியதாயிற்று. முதலில் பஸ்ஸில்தான் போனார்கள். போகும்போது சமாளித்துவிடுவார். திரும்பும்போது உடம்பில் சத்தே இருக்காது, தலை சுற்றும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்காக மாமாவின் தோளில் சாய்ந்துகொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் வடக்கே மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் தன் காரை விற்றார். சின்னக் கார், ஆனால் டர்போ. "லிட்டருக்கு இருபது குடுக்கும், கண்ண மூடிக்கினு வாங்குங்க" என்றாராம். மாமா வாங்கிவிட்டார்.

டர்போ என்றால் என்னவென்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். எஞ்சின் சின்னதுதான். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறி சுற்றும். அது சுற்றுகிற சுற்றில் இன்னொரு பக்கம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடுதலாகப் போனால் பெட்ரோலும் கூடுதலாகப் போகும். மெதுவாக மிதித்தால் சின்ன எஞ்சின் மாதிரி கொஞ்சமாகக் குடிக்கும், அழுத்தி மிதித்தால் பெரிய எஞ்சின் மாதிரி குடிக்கும். சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற நகரியத்துக்குள் பிளாக்குக்கு பிளாக் வேகத்தடை. எஞ்சின் சூடு ஏறுவதற்குள் கடை வந்துவிடும், கோயில் வந்துவிடும். அங்கே பத்து, பதினொன்றுதான் கொடுத்தது. பாண்டிச்சேரி ரோட்டில் ஏசி போட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று. ஏசி இல்லாமல் பதினைந்து. ஆபீசர் சொன்ன இருபதை அந்த வண்டி எந்த ரோட்டிலும் கொடுக்கவில்லை. பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. கம்பெனிக்காரன் காகிதத்தில் போட்டிருந்ததை அப்படியே சொல்லியிருப்பார்.

நம் ஊரில் ஒருத்தர் வண்டி வாங்கினால் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் "எவ்ளோ குடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். மாமாவையும் கேட்டார்கள். ஷிப்ட் பஸ்ஸில் கேட்டார்கள், கேன்டீனில் கேட்டார்கள், பால் பூத்தில் கேட்டார்கள். மாமா ஒவ்வொருத்தரிடமும் வண்டியைத் திட்டினார். "குடுக்குதா? குடிக்குது! சாராயக்கடையில கட்டிவச்ச யான மாதிரி குடிக்குது" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அதனால் அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திட்டுவார். வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. நான் போனால் என்னோடு ஒரு வாக்குவாதம். "ஏசிய நிறுத்திட்டு ஓட்டிப் பாருங்க மச்சான்" என்று நான் சொன்னால், "தண்ணி லாரி ஓட்றவன் மைலேஜ் சொல்லிக் குடுக்கறான் பாரு" என்பார். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. கிரிக்கெட் பேசுகிற மாதிரி மைலேஜ் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்வேயரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்ணோ நிலக்கரியோ வராமல் பெல்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் பொறுக்காது. கரண்டு வீண், பெல்ட் தேய்மானம். "காலி பெல்ட்ட ஓட விடாத" என்பது மாமா வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை. வீட்டில் ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அதைத்தான் சொல்வார். டிவி தானாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத்தான் சொல்வார். காரிலும் அதே கதை. சிக்னலில் நின்றால் சாவியைத் திருகி நிறுத்திவிடுவார். ரயில்வே கேட் தூரத்தில் மூடுவது தெரிந்தாலே நிறுத்திவிட்டு, இருக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போய் நிற்பார். எஞ்சின் நின்றால் ஏசியும் நின்றுவிடும். அத்தை முந்தானையால் விசிறிக்கொள்வார்.

அந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண் காட்டும். அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து, எட்டி எட்டி அந்த எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் நாங்கள் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஏசியை அவரே அணைப்பார். "காத்தோட்டமா இருக்குது, வேணாம்" என்பார். சிகிச்சை முடிந்து வருகிற மத்தியான வெயிலில், குறிஞ்சிப்பாடி தாண்டி முந்திரிக் காட்டுப் பக்கம் அனல் அடிக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாக, எண் பதினைந்தைத் தொட்டதும் "பாத்தீங்களா" என்று மாமாவிடம் காட்டுவார். பிள்ளை மார்க் காட்டுகிற மாதிரி இருக்கும். மாமாவும் "பரவால்லியே" என்பார். அவர் பாராட்டியது வண்டியைத்தான்.

மாமா திட்டியதெல்லாம் வண்டியை. அத்தை காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அந்த வண்டி யாருக்காக வந்தது, யாருக்காக ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். குடிக்குது, குடிக்குது என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தால், அதை முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார்? இது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஏறவில்லை. வண்டியைத் திட்டினால் வண்டிக்குத்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போக வேண்டிய நாள். மாமா முதல் ஷிப்டை இன்னொருத்தரோடு மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். அத்தை, "இந்த வாட்டி வேணாங்க. ஒடம்பு தேறிகினு வருது, வாரத்துக்கு ஒருவாட்டி வந்தா போதும்னு நர்ஸம்மா சொல்லிச்சி" என்றார். மாமா மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர். நம்பினார். நம்ப ஆசையாகவும் இருந்திருக்கும். நர்ஸம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாமா வீட்டுக்குப் போனபோது அத்தை கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். படுக்க முடியவில்லை. உடம்பிலிருந்து வெளியேற வழியில்லாத தண்ணீர் நெஞ்சில் ஏறிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தோம். "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். ஆம்புலன்ஸுக்கும் சொன்னோம், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மாமா அதுவரை காத்திருக்கவில்லை. அத்தையை முன்சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். நான் பின்சீட்டிலிருந்து இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வண்டியை மாமா அழுத்தி மிதித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை முட்டைமேல் கால் வைக்கிற மாதிரி ஓட்டியவர். வடலூர் தாண்டியதும் டர்போ விசில் மாதிரி கத்தியது, சீட்டு முதுகைத் தள்ளியது. இந்தச் சின்ன வண்டிக்குள் இவ்வளவு வேகம் இருந்ததா என்று இருந்தது. பஸ்ஸை முந்தினோம், செங்கல் லாரியை முந்தினோம். அத்தைக்குக் கண் பாதி மூடியிருந்தது. ஆனால் அந்தப் பாதிக் கண்ணும் திரைமேல்தான் இருந்தது. "ஒம்பதுக்கு வந்துடுச்சிங்க... மெல்லப் போங்க" என்றார்.

"நீ பேசாத. மூச்ச வுடு. அது மட்டும் பண்ணு" என்று மாமா கத்தினார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு டிராக்டர், ஒரு வேன். நகர வழியில்லை. வண்டி நின்றதும் மாமாவின் கை வழக்கம்போல சாவிக்குப் போனது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னார்: "நிறுத்திடுங்க. நான்தான்... காலி பெல்ட்டு. என்ன ஏன்... இவ்ளோ எண்ணெ ஊத்தி... ஓட்டிகினு."

மாமாவின் கை சாவிமேல் அப்படியே நின்றது. நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சுரங்கத்தில் மண் சரிந்தபோதுகூட நிதானமாக நின்ற மனிதர் என்று சொல்வார்கள். அன்றைக்கு அந்த முகத்தில் அது இல்லை. வியாழக்கிழமை ஏன் வரமாட்டேன் என்றாள், ஏசியை ஏன் அணைத்தாள், எண்ணை ஏன் பார்த்துக்கொண்டே இருந்தாள், எல்லாம் அந்த கேட்டில் அவருக்குச் சேர்ந்தாற்போல் புரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவர் கையைச் சாவியிலிருந்து எடுத்தார். ஏசியை முழுசாக வைத்து, காற்று வருகிற வாயை அத்தை முகத்துக்கு நேராகத் திருப்பினார். "ஓடட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார், "ஓடட்டும்டி. நிக்காம ஓடட்டும்." ரயில் வந்து போகிற வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நின்ற இடத்திலேயே எண் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அத்தைக்குக் கண் செருகிவிட்டது.

அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு முறைகூடப் பாண்டிச்சேரிக்குப் போகாமல் விடவில்லை. மாமாவும் யாரிடமும் வண்டியைத் திட்டவில்லை. எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால், "போவுதுப்பா" என்று மட்டும் சொல்வார். ஆனாலும் அந்த வியாதி ஆளை விடுகிற வியாதி இல்லை. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அத்தை போய்விட்டார். காரில் இல்லை, ரோட்டில் இல்லை. வீட்டில், காலை வேளையில். மாமா ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டார். தனியாள். பஸ்ஸில் வந்துபோகலாம். அந்த வண்டியை விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லி நானே இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெம்பில்லை. இப்போது உங்களுக்கு அது குடிகார வண்டியாகத் தெரிகிறது. குடிகார வண்டிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். நல்ல வெயில். கடலூர் தாண்டியிருந்தோம். ரயில்வே கேட்டில் மாமா சொன்னது அத்தை காதில் விழுந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. மாமா மெதுவாகத்தான் ஓட்டினார். ஏசியைக் குறைவாக வைத்திருந்தார். கூட்டினால் அணைத்துவிடுவாளோ என்கிற பயம். திடீரென்று அத்தை, "இன்னாங்க இது, காத்தே வரல. கொஞ்சம் கூட்டி வைங்க" என்றார். தனக்கென்று அவர் எதையாவது கேட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாமா அவசரமாகக் கூட்டினார். நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்க்கவில்லை. அத்தை பார்த்தார். எண் இறங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடிச்சிட்டுப் போவட்டும்" என்று சொல்லி, சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனார்.