காதுச் சோதனையில் தேறியவர்

தகடு உருட்டும் ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுகு என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கூரையை ஒட்டி ஓடும் கிரேனில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கீழே நிற்கிறவன் விரலை மடக்கினால் பாரத்தைத் தூக்குவார், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்துவார். அங்கே இருக்கிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோசனமில்லை. எல்லாம் கை ஜாடைதான், உதட்டசைவுதான். அதனால் காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. தெரிந்த பிறகு வெளியே மூச்சு விடவில்லை.

தலைசுற்றலைத்தான் மறைக்க முடியவில்லை. ஒரு நாள் எட்டு டன் தகட்டுச் சுருள் கொக்கியில் தொங்கும்போது ஆலையே கிறுகிறுவென்று சுற்றியது. எப்படியோ பாரத்தை இறக்கிவிட்டுக் கூண்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் ஏறிப்போய்க் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மறுநாளே அலுவலகம் காகிதத்தை நீட்டியது. காது கேட்கிறதா, உடம்பு தள்ளாடாமல் நிற்கிறதா என்று சோதித்துச் சான்று கொண்டு வர வேண்டும். அதுவரை கிரேன் கிடையாது. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே காபி கூடாது, தலைசுற்றல் மாத்திரை கூடாது, துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று மருத்துவமனைத் தாளில் போட்டிருந்தது.

"காபி இல்லாம இந்த மனுஷன்கூட ரெண்டு நாள் ஓட்டினதுக்கு எனக்குத்தான் மாத்திரை குடுக்கணும்" என்றாள் மனைவி, பேருந்தில். "அங்க போயாவது உள்ளதைச் சொல்லுங்க. நம்ம வீட்டு டிவி தெருமுனை வரைக்கும் கேக்குது."

"நீ வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு. காது போச்சுன்னு எழுதிட்டா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவான்."

"யார் சொன்னது?"

"ஆலையில எல்லாரும்தான் சொல்றாங்க."

எல்லாரும்தான் சொன்னார்கள். விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவன் ஒருத்தன் கிடையாது.

மருத்துவமனையில் சோதிக்கிற பெண்ணுக்கு இவர் மகள் வயதிருக்கும். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு அடைப்பானைச் செருகி, மலை ஏறும்போது காது அடைக்குமே, அந்த மாதிரிக் காற்றை அழுத்தினாள். பிறகு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கையில் ஒரு பித்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க சார். கேக்கலேன்னா விட்டுடுங்க. இது பரீட்சை இல்ல, பாஸ் ஃபெயில்னு எதுவும் கிடையாது."

அவர் நம்பவில்லை. ஆலைக்குப் போகிற காகிதம் பரீட்சை இல்லாமல் வேறென்ன?

நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. சுவரில் காதின் படம், கண்ணாடிச் சட்டத்தில். அந்தக் கண்ணாடியில் முதுகுக்குப் பின்னால் இருந்த அவள் வலது தோள் தெரிந்தது. அவள் விசையைத் தட்டும்போதெல்லாம் தோள் ஒரு நூல் இறங்கியது. இருபத்திரண்டு வருடம் விரலசைவைப் பார்த்துப் பிழைத்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தோள் இறங்கினால் அழுத்தினார். அவள் சும்மா இருந்தால் இவரும் சும்மா இருந்தார். சந்தேகம் வரக்கூடாதென்று நடுநடுவே நாலைந்தை விட்டும் கொடுத்தார். காதுக்குள் ஒரு சத்தமும் விழவில்லை.

வெளியே வந்ததும் அவள் உதட்டைப் படித்தார். "இந்த ஆலையிலேருந்து வந்தவங்கள்ல இவ்வளவு நல்ல காதை நான் பாத்ததே இல்ல சார்!"

கழுகுக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது.

அடுத்தது தள்ளாட்டம். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சுத் திண்டின்மேல் நிற்கச் சொன்னாள். இடப்பக்கம் சாய்ந்தவரைத் தாங்கிப் பிடித்தாள். கருப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிப் படுக்க வைத்தாள். உள்ளே இருட்டு, ஆனால் கண்ணின் அசைவைக் கருவி படம் பிடித்துக்கொண்டிருக்குமாம். உதடு தெரியாத இருட்டு. அவள் ஏதோ பேசினாள் என்று மூச்சுக் காற்றில்தான் தெரிந்தது. தோளைத் தட்டினாள்.

"தலை சுத்துதும்மா, பேச முடியல" என்று சமாளித்தார்.

வலது காதில் வெந்நீர் விட்டதும் கட்டிலோடு தூக்கிச் சுழற்றியது போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடது காதில் விட்டாள். ஒன்றுமில்லை.

கண்ணாடியைக் கழற்றியதும், "இடது காது பரவாயில்ல, சுத்தவே இல்ல" என்றார் பெருமையாக.

அவள் முகம் மாறியது. "சுத்தணும் சார். சுத்தலேன்னாதான் கோளாறு."

ஒரு வாரம் கழித்து ஆலை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். அதிகாரி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதால் எல்லாம் புரிந்தது.

"உடம்பைத் தள்ளாடாம நிறுத்துற பாகம் இடது காதுக்குள்ள கெட்டுப்போச்சு. இனிமே கிரேன்ல ஏத்த முடியாது."

"கீழே ஏதாவது வேலை குடுங்க சார்."

"ஆலைச் சத்தத்துல காது போனவங்களுக்குக் கிடங்குல வேலை குடுக்கணும்னு விதி இருக்கு, ஓய்வு வரைக்கும். உங்க காதுதான் ஜம்முனு இருக்கே! இது உங்க உடம்புக் கோளாறு. ஆலை பொறுப்பில்ல."

கழுகு நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "காது கேக்காது சார். அன்னிக்கு ஏமாத்திட்டேன். அந்தப் பொண்ணோட தோளைப் பாத்துப் பாத்து அழுத்தினேன்."

"அப்படியா? ஏமாத்தினேன்னு எழுதிக் குடுங்க. அதுக்கே தனியா வேலையை விட்டுத் தூக்கலாம். செவிட்டுக் காதோட ஆளுங்க தலைக்கு மேல பாரம் ஓட்டினதுக்கு இன்னொரு தடவை தூக்கலாம்."

அதிகாரி எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பிக் கோப்பைச் செருகினார். முதுகைக் காட்டிக்கொண்டே ஏதோ கேட்டிருக்க வேண்டும், மறுபடி திரும்பியபோது இவரையே பார்த்துக்கொண்டு நின்றார், பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

"என்ன சார் சொன்னீங்க?"

"அடேயப்பா" என்றார் அதிகாரி. "அதுக்குள்ள நடிப்பு நல்லா வந்துடுச்சே!"

விடுவிப்புத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் தலையிலடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஆலை வாசல் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்கவில்லை.