பின்கழுத்தில் இரண்டு விரல்

தண்டாயுதபாணி கையை நீட்டிவிட்டார். ஊட்டிப் பூங்காவின் டிக்கெட் வரிசை. முன்னால் நிற்பவர் யாரோ, எந்த ஊரோ. கட்டுமஸ்தான உடம்பு, அதன்மேல் கறுப்பு டி-ஷர்ட். தண்டாயுதபாணியின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த ஆளின் பின்கழுத்துத் துணிக்குள் நுழைந்து, அதை வெளிப்பக்கமாகப் புரட்டி, உள்ளே தைத்திருக்கும் லேபிளைத் தேடுகின்றன. கட்டைவிரல் மட்டும் சும்மா இருக்குமா? அது துணியின் கனத்தைத் தேய்த்துப் பார்க்கிறது. "நூத்தி எம்பது ஜி.எஸ்.எம். இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அதற்குள் அந்த ஆள் திரும்பி இவருடைய மணிக்கட்டைப் பிடித்தாயிற்று.

இந்த இடத்தில் அவர் மனைவி ஜெயசுதா குறுக்கே வர வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு விதித்த வேலை அது. "மன்னிச்சுக்கங்க சார், நாங்க திருப்பூருங்க. பனியன் கம்பெனி வெச்சிருக்கறாருங்க. கை சும்மா இருக்காதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க." பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் முறைத்துவிட்டு விடுவார்கள். மணிக்கட்டு விடுபட்டதும் ஐயா மனைவிக்கு நன்றி சொல்வார் என்று நினைக்கிறீர்களா? "தையல் பாத்தியா சுதா? நம்ம நல்லான் இதவிட நெம்ப நல்லாத் தெப்பான்" என்பார். நல்லான் அவர் கம்பெனி டெய்லர். மனைவியை ஒருநாளும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

பெண்கள் பக்கம் அவர் கை போகாது, அந்த மட்டில் புண்ணியவான். கண் போகும். எவளாவது நல்ல பின்னல் துணி போட்டுக்கொண்டு போனால் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவார். அதற்கு ஜெயசுதா சொல்லும் விளக்கத்தை இதுவரை எந்தப் பெண்ணும் நம்பியதில்லை.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் அவருடைய கம்பெனி. பெரிய இடத்தார் வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் ஆர்டரில் ஒரு பங்கை வாங்கித் தைத்துக் கொடுப்பவர், அவ்வளவுதான். ஆனால் தாராபுரம் தாண்டிவிட்டால் "எக்ஸ்போர்ட் பண்றனுங்க" ஆகிவிடுவார். மதுரை போய்ச் சேர்வதற்குள் ஐரோப்பாக் கண்டமே அவர் தைத்த பனியனைத்தான் போட்டுக்கொண்டு திரியும். உள்ளூரில் இந்தப் பேச்சு எடுபடாது. காதர்பேட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தாலும் அது ஒரு பனியன் வியாபாரி தலையில்தான் விழும்.

தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடினால் ஊரே காலியாகும். தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறுவார்கள், வடக்கத்திக்காரர்கள் ரயில் ஏறுவார்கள். மெஷின் சத்தம் நின்றதும் தண்டாயுதபாணிக்குக் கை நமநமக்கும். சோபா உறையைப் புரட்டித் தையல் பார்ப்பார். தலையணையைப் புரட்டுவார். புரட்ட வீட்டில் வேறொன்றும் இல்லை என்று ஆனதும், "கெளம்புங்க, டூர் போலாம்" என்பார். பெண்டாட்டி பிள்ளை மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று தெருவே மெச்சிக்கொள்ளும். மெச்சட்டும், தெருவா கூடப் போகிறது?

போகிற இடத்தை அவர் பார்ப்பதே இல்லை, பாஸ் பண்ணுகிறார். அருவிக்கு முதுகைக் காட்டி ஒரு போட்டோ, "குத்தாலம் ஓகே." அரண்மனைக்கு முதுகைக் காட்டி ஒரு போட்டோ, "மைசூர் ஓகே, வண்டீல ஏறு." செக்கிங் டேபிளில் பனியனைத் தள்ளுவதுபோல் ஊர்களைத் தள்ளிக்கொண்டே போவார். பத்து மலை, எட்டுக் கடல், ஆறு அணை பார்த்த மனிதரிடம் எந்த அணையில் தண்ணீர் இருந்தது என்று கேளுங்கள், விழிப்பார். அங்கே நின்றவன் எந்தக் கம்பெனி பனியன் போட்டிருந்தான் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கும்.

அதிலாவது ஞானி என்று சொல்ல முடியுமா? மைசூரில் ஒருவன் சட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "இது நம்மூரு சரக்கு, பந்தயம் கட்டறேன்" என்று மகளிடம் சவடால் அடித்தார். கிட்டே போய்ப் புரட்டினால் லேபிளில் பங்களாதேஷ். முகம் தொங்கிவிட்டது. திம்பம் மலை இறங்கி சத்தியமங்கலம் வந்து சேரும்வரை வண்டியில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, துக்கம். பழனி மலையில் மட்டும் அவர் கை அடங்கி இருக்கும். அங்கே அவர் பெயரையே கொண்டவர் கோவணத்தோடு நிற்கிறார், புரட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனார்களே, அந்தக் கதையை ஜெயசுதா யாரிடமும் சொன்னதில்லை. ஏரியில் மிதிபடகு எடுத்தார்கள். ஏறுகிற நேரத்தில் கரையில் ஒருவன் கோடு போட்ட பனியனோடு நிற்பதை மாப்பிள்ளை கண்டுவிட்டார். "நீ உக்காந்திரு சுதா, சித்த இரு, வந்தர்றேன்." படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். புதுப்பட்டும் தலை நிறையப் பூவுமாக அவள் ஒருத்தியே ஏரி நடுவில் மிதித்துக்கொண்டிருந்தாள். ஜோடி ஜோடியாகப் போன படகுகளெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தன. கரையில் மாப்பிள்ளை அந்த ஆளை வெயிலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தி, பின்கழுத்தில் என்னவோ படித்துக்கொண்டிருந்தார். அன்று அவளுக்கு அழுகை வந்தது. பிறகு வருவதில்லை.

இத்தனை வருடம் ஊர் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பியவர், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒன்று எடுத்துவந்ததுண்டா? ஒருமுறை அவளே கேட்டாள். "பொம்பளைங்க டி-சர்ட்டா? அதெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்குத்தான் சுதா" என்றார். சிரிக்கக்கூட இல்லை, விவரம் சொல்வதுபோல் சொன்னார்.

மகள் அக்ஷராவுக்கு இந்த வருடம் பெங்களூரில் வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் போனில் கேட்டாள்: "அம்மா, நீ எங்கூட வந்து இரு. அந்த ஊட்டுல நீ ஒண்டியாளா என்ன பண்ணப்போற?"

"ஒண்டியாளா? உங்கப்பா இருக்கறாரல்லோ கண்ணு?"

"அப்பா உன்ன ஒரு தடவயாச்சும் ஒழுங்காப் பாத்திருக்கறாராம்மா?"

ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது. புருசனை விட்டுக்கொடுத்துப் பேசுகிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. ஆனால் இனி வீட்டில் இரண்டே பேர். காலையில் ஒரு தட்டு அங்கே, ஒரு தட்டு இங்கே, நடுவில் டி.வி. செய்தி. இந்த மனிதரோடு ஒரே ஒரு சாயங்காலம் மனுசியாய் உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும், மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முடியாவிட்டால் பெங்களூர். "தீவாளி கழிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று போனை வைத்தாள்.

புருசனிடம் அவள் கேட்டது அதைத்தான். "ஏனுங்க, இந்த வாட்டி நாம ரெண்டு பேரும் மட்டும் போலாமுங்க. முட்டம் போலாம். கடலோரத்துல ஒரு சாயங்காலம் ஒட்டுக்கா உக்காந்து பொழுது எறங்கறதப் பாக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"அதுக்கென்ன, உக்காந்தாப் போச்சு" என்றார் தாராள மனசுக்காரர்.

அக்ஷரா பெங்களூர்க் கடையில் வாங்கி அனுப்பிய நீல டி-ஷர்ட் ஒன்று பீரோவில் இருந்தது. பயணத்துக்கு அதைத்தான் போட்டுக்கொள்வது என்று ஜெயசுதா முடிவு செய்தாள். ஆனால் அவள் இந்தத் தொழிலுக்கு வாழ்க்கைப்பட்டவள், புருசனுடைய விரல் இரண்டையும் அறிந்தவள். நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து, பின்கழுத்து லேபிளைத் தையல் பிரியாமல் வெட்டி எடுத்தாள். எறியப் போனவள் ஏனோ எறியாமல் பர்ஸின் சின்ன அறைக்குள் வைத்து மூடினாள்.

திருப்பூரிலிருந்து நாகர்கோவில் வரை அவள் அந்த டி-ஷர்ட்டோடு அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சேலையும் சுடிதாரும் தவிர வேறு போடாதவள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே கூச்சப்பட்டு, ஒருமுறை கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நல்லாருக்குது என்றோ நல்லால்லை என்றோ ஒரு வார்த்தை? ஊஹும். சாயக்காரனிடம் போன், கட்டிங் மாஸ்டரிடம் போன், நூல்காரனிடம் போன். கயத்தாறு பக்கத்தில் டீ குடிக்க இறங்கினார்கள். டீ மாஸ்டரின் கிழிந்த முண்டா பனியனைப் பிடித்து இழுத்து, "இது யாரு கம்பெனிங்க?" என்றார். டீக்கடைக்காரர் ஜெயசுதாவைப் பார்த்து, "அக்கா, அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். அவள் வழக்கமான மன்னிப்பைச் சொல்லவில்லை. டீயைக் குடித்தாள்.

முட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மழை மேகம் ஒதுங்கி, கடல் தெளிவாக இருந்தது. பாறைமேல் இடம் பார்த்து உட்கார்ந்தாள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு போட்டோ எடுத்தார். "முட்டம் ஓகே. போலாமா?"

"உக்காருங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்துவிட்டார்.

தூரத்தில் கல்லூரிப் பையன்கள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பிட்டம் பாறையிலிருந்து எழும்பியது. "உக்காருங்க" என்றாள் மறுபடியும். எழும்பியது இறங்கியது. போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அடேயப்பா! ஜெயசுதாவுக்கே நம்ப முடியவில்லை.

சூரியன் தண்ணீரைத் தொடப் போகிற நேரம். அலை பாறையில் மோதிச் சாரல் அடித்தது. இவ்வளவு நேரம் அவர் பேசாமல், புரட்டாமல், எழுந்து போகாமல் அவள் பக்கத்தில் இருந்ததே இல்லை. பாவி மனுசனுக்கு இதற்கு இத்தனை வருசம் வேண்டியிருந்ததா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. இனிமேலாவது என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அக்ஷராவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். நான் வரலை கண்ணு, உங்கப்பாவுக்கு ஆளு வேணும்.

அப்போதுதான் பின்கழுத்தில் அவருடைய கை பட்டது.

மெதுவாக, தயங்கித் தயங்கி இரண்டு விரல். கொண்டைக்குக் கீழே, தோலை ஒட்டி. ஜெயசுதா கண்ணை மூடிக்கொண்டாள். கொடைக்கானல் ஏரி, நடுவில் நின்ற படகு, திரும்பிப் பார்த்த ஜோடிகள் எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் மன்னித்துவிட்டாள். பொம்பளை மனசு அவ்வளவு மலிவு.

கட்டைவிரல் துணியைத் தேய்த்தது.

விரல்கள் இடமிருந்து வலமாகப் போயின. வலமிருந்து இடமாக வந்தன. மறுபடியும் போயின. "ஏஞ்சுதா" என்றார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "துணி நெம்ப நல்லாருக்குது. லேபிளக் காணமே?"

அவள் கண்ணைத் திறந்தாள். பர்ஸைத் திறந்து, சின்ன அறையின் ஜிப்பை இழுத்து, வெட்டி வைத்திருந்த லேபிளை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நாலு பாறை தள்ளிப் போய் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"ஊடு பாக்கறயல்லோ கண்ணு? ரெண்டு ரூமு இருக்கறதாப் பாரு. நான் வர்றேன்."

அந்தப் பக்கம் அக்ஷரா என்னவோ சந்தோஷமாகக் கத்தினாள், அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஜெயசுதா திரும்பிப் பார்த்தாள். தண்டாயுதபாணி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டியிருந்தார். பொடி எழுத்து, போதிய வெளிச்சமில்லை. லேபிளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகச் சூரியனுக்கு நேராக முகத்தைத் திருப்பினார்.