குழல் ஓரத்தில் ஒரு தழும்பு

1. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சில்க்போர்க்கில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த ஸ்வென் எங்களைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார்.
2. போனோம். மேசையில் கேக் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது.
3. அம்மா கதவடியிலேயே நின்றுவிட்டார்.
4. மாமாவுக்குத் துப்பாக்கி என்றால் பயம் என்று நான் டெனிஷில் சொன்னேன்.
5. அந்தப் பயத்தைப் போக்க ஸ்வென் துப்பாக்கியைக் கழற்றிக் காட்டினார்.
6. மாமா அதைத் திரும்பப் பூட்டினார்.
7. "டிக்" என்று ஒரு சத்தம். ஸ்வென் கத்தினார்.

நடந்தது இவ்வளவுதான். அரை மணித்தியாலம்கூட எடுத்திருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்று நான் இயந்திரப் பகுதிகளை அளந்து பார்க்கிற வேலையில் இருக்கிறேன். எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் இந்த ஏழையும் எத்தனை தரம் எழுதினாலும், ஆறாவதில் கை ஒருமுறை நின்றுதான் போகிறது.

உண்மையில் நாங்கள் அன்று கோப்பிக்காகப் போகவில்லை. ஒரு கடிதத்துக்காகப் போனோம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, எண்பத்தாறின் வசந்தத்தில் அவர் வந்து சேர்ந்தார். அகதி முகாமில் இருந்தார். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து எங்களிடம் வந்து, ஞாயிறு இரவு திரும்புவார். பொலிஸ் விசாரணை முடிந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. இந்த நாட்டுக்காரர் ஒருவர் மாமாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால் உதவும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே நாட்டுக்காரர் ஸ்வென். இருவருக்கும் ஒரே தளபாடத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டுக்கு வரும் படிவங்கள் எல்லாவற்றையும் அவர்தான் நிரப்பித் தருவார். அவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: மாமாவின் கதையை மாமாவின் வாயாலேயே கேட்க வேண்டும், தனக்குத் தெரியாததை எழுத மாட்டார். மாமாவின் வாய் என்பது இங்கே என் வாய். எங்கள் வீட்டில் டெனிஷ் ஒழுங்காகப் பேசத் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

கதை எனக்கு மனப்பாடம். மாமா எதையும் வாய்க்குள்ளேயே மென்று பேசுகிறவர். அதனால் பொலிஸ் விசாரணைக்கு முன் அப்பா பல சனிக்கிழமைகள் அவரை எதிரே இருத்திப் பயிற்சி கொடுத்தார். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

"துவக்குப் பிடிச்சனீரோ?"

"இல்லை."

"சத்தமாச் சொல்லும். பொலிஸ்காரனுக்குக் காது கேக்காதெண்டு நினையும்."

"துவக்கைத் தூரத்தில கண்டாலே ஓடுற ஆள் நான், அத்தான்."

"அதில அத்தானை விட்டுட்டுச் சொல்லும்."

அப்பா பொய் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமா துப்பாக்கியே தொடாதவர் என்பதுதான் அவருக்கும் அம்மாவுக்கும் உண்மை. நாங்கள் வெளிக்கிட்ட பிறகு மாமா கிளிநொச்சியில் ஒரு சங்கக்கடையில், கூட்டுறவுக் கடையில், வேலை செய்தார். அங்கிருந்து அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். சீனி வந்தது, மா வரவில்லை, மண்ணெண்ணெய்க்குச் சனம் விடியவே வந்து நிற்கிறது. அம்மா அவற்றைப் பைபிளுக்குள் வைத்திருந்தார்.

அன்று ஜெபக்கூட்டம் முடிந்து அதே உடுப்போடு கீழே இறங்கினோம். அம்மா சேலை, மாமா அப்பாவின் கோட். ஸ்வென் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். கறுவாக் கேக் மணத்தது. மேசையில் பத்திரிகை விரித்து, அதன்மேல் எண்ணெய்த் துணி, ஒரு மரப்பெட்டி, கைத்துப்பாக்கி. எங்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. குளிர்காலத்தில் சுடும் கழகத்தார் அங்கேதான் பழகுவார்கள். ஸ்வென் அந்தக் கழகத்தில் ஒருவர். மறுநாள் பயிற்சி ஆரம்பம் என்பதால் துப்பாக்கியைக் குளிர்காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தார். மழைக்காலம் தொடங்கினால் மனிதர் சப்பாத்தை மாற்றுவதுபோல அவருக்கு அது.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. "பிள்ளை, அதை எடுத்து உள்ளுக்கு வைக்கச் சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் நல்ல வசனம் ஒன்று தெரியும். "மாமாவுக்கு மிகவும் பயம். அவர் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை" என்றேன். கடிதத்துக்கான முக்கியமான வரியை முதலிலேயே சொல்லிவிட்ட பெருமை எனக்கு.

ஸ்வென் உடனே எழுந்தார். துப்பாக்கியை எடுத்து வைக்கத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். மாறாக, அவர் எங்களுக்கு அதை விளக்கத் தொடங்கினார். தெரியாததால்தான் பயம் வருகிறது என்று நம்புகிற மனிதர். தோட்டாக்களைப் போடும் ரவைக்கூட்டைக் கழற்றி உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். அலுமாரியைத் திறந்து இரண்டு ரவைகளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். ஒன்று என் சின்ன விரல் முனை அளவு. மற்றது பென்சில் முனை மாதிரி.

"விசையை அழுத்தினால், உள்ளே இருக்கிற ஊசி பெரிய ரவையை அடிப்பக்கத்தின் நடுவில் குத்தும். அது கோடைக்கு, வெளியே. நிலவறையில் அதைச் சுட விடமாட்டார்கள். சின்னதை விளிம்பில் குத்தும். சத்தம் குறைவு, உதைப்பு குறைவு, விலையும் குறைவு."

பிறகு துப்பாக்கியின் மேற்பகுதியை, குழலோடும் சுருள்வில்லோடும் சேர்த்து அப்படியே இழுத்துக் கழற்றினார். மரப்பெட்டியில் அதே வடிவில் இன்னொரு மேற்பகுதி இருந்தது. இரும்பைவிட இலேசானது, குழல் துளை ஒடுங்கியது. பிடியும் விசையும் பழையவையே. மேலே மட்டும் மாறும். "கைக்கு வித்தியாசமே தெரியக்கூடாது. அதற்குத்தான் இது" என்றார்.

நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா கேட்கவில்லை. அப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். மாமா மேசையைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்வென் புதிய மேற்பகுதியைப் பூட்டும்போது சுருள் நழுவியது. மேசையில் உருண்டு மாமாவின் கோப்பைக்கு முன்னால் போய் நின்றது.

மாமா அதை எடுத்தார். ஸ்வென் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். மாமா சுருளைக் கொடுக்கவில்லை. ஸ்வெனிடமிருந்து துப்பாக்கியை வாங்கினார். குழல், சுருள், மேற்பகுதி. நான் ஒரு மூச்சு எடுத்திருப்பேன், அதற்குள் பூட்டியாகிவிட்டது. மேற்பகுதியைப் பின்னே இழுத்து விட்டார். யாரும் நிற்காத அடுப்பு மூலைப்பக்கம் திருப்பி, கீழே பிடித்து, விசையை அழுத்தினார்.

டிக்.

"நை! நை, நை, நை!"

இல்லை, இல்லை என்று ஸ்வென் இப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. அப்பாவின் கோப்பை தட்டில் மோதியது. அம்மா "ஆண்டவரே" என்றார். மாமா துப்பாக்கியைப் பத்திரிகைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே கொண்டுபோனார். அவர் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

ஸ்வென் மேற்பகுதியைக் கழற்றி, சின்ன ரோர்ச் வெளிச்சம் அடித்து, குழலின் ஓரத்தை எனக்குக் காட்டினார். நகம் பட்டதுபோல ஒரு பள்ளம். "பெரிய ரவைத் துப்பாக்கியில் வெறுமையாக விசையை அழுத்தினால் ஊசி காற்றைத்தான் குத்தும். ஒன்றும் ஆகாது. பூட்டியதும் எல்லோரும் அப்படித்தான் சரிபார்ப்பார்கள். இதில் ஊசி விளிம்பில் அல்லவா குத்தும்? ரவை இல்லாவிட்டால் குழலையே குத்திவிடும்."

நான் திரும்பி, எல்லாருக்கும் புரியும்படி சுருக்கினேன்: "மாமா அதைப் பழுதாக்கிப் போட்டாராம்."

அப்பா "சொறி, சொறி" என்று எழுந்தே விட்டார். ஸ்வென் அவரைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. அதற்கு அன்று என்னிடம் பெயர் இல்லை.

"உன் மாமா இதை எங்கே பழகினார்?" என்று மெல்லக் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தார்.

மாமா வாய்க்குள் சொன்னார்: "சங்கக்கடையில சைக்கிள் திருத்துறனான் எண்டு சொல்லு."

சொன்னேன்.

"சைக்கிள்" என்றார் ஸ்வென். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேக் வெட்டி வைத்தார்.

மேலே வந்ததும் அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. பைபிளைத் திறந்து கடிதங்களை எடுத்து மாமாவின் மடியில் போட்டார்.

"சீனி வந்தது, மா வரேல்லை எண்டு எழுதினியே. இதெல்லாம் என்னடா?"

"சீனி வந்ததுதான், அக்கா."

"நீ கடையில நிண்டனியோ, இயக்கத்தில நிண்டனியோ?"

மாமா கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"பொலிசுக்குச் சொன்னது கிடக்கட்டும். எனக்கு? நான் உன்ரை அக்காவடா."

அப்பா குறுக்கே வந்தார். "கத்தாதையும். கீழை அந்தாள் இருக்கிறார். இனி அவர் என்னத்தை எழுதப்போறாரோ. உள்ளதை எழுதினாரெண்டால், இவன் அங்கை சொன்னது ஒண்டையும் நம்பமாட்டாங்கள். திருப்பிப் பிளேன் ஏத்தி விடுவாங்கள்."

"ஏத்தினா?" என்றார் அம்மா. அப்பா போய் யன்னலைச் சாத்தினார்.

நான் ஒரு குழலுக்காக இவ்வளவு சண்டையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமாவின்மேல் எனக்கும் ஒரு குறை இருந்தது. "மாமா, இவ்வளவு கெதியாப் பூட்டத் தெரியுமெண்டு ஏன் முதலே சொல்லேல்லை? ஸ்வென் உங்களையும் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்."

அம்மா என்னை அடித்தார். எனக்கு ஞாபகமாக அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை ஸ்வென் கடிதத்தைக் கொண்டுவந்து, உள்ளே வராமல் கதவடியில் தந்துவிட்டுப் போனார். அப்பா என்னை இரண்டு தரம் வாசிக்க வைத்தார். இந்த மனிதரை எட்டு மாதமாகத் தெரியும். யாரும் கேட்காமலே மாடிப்படியைக் கூட்டுவார். அக்காவின் பிள்ளையோடு பொறுமையாக விளையாடுவார். தன் நாட்டில் நடந்தவற்றைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கடினம். இவர் என் பக்கத்து வீட்டில் வாழ வேண்டும் என்று விரும்புகிறேன். கீழே கையெழுத்து. துப்பாக்கி என்ற சொல்லும் இல்லை, சைக்கிள் என்ற சொல்லும் இல்லை.

அம்மா கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கோ ஏமாற்றம். மாமா மிக நன்றாகச் செய்கிற ஒன்றை ஸ்வென் மறந்துவிட்டார். அதைவிட, வெள்ளிக்கிழமைகளில் வகுப்பில் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் கண்ட புதுமை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் நான்கு நாளாக என் கதையைத் தயார் செய்து வைத்திருந்தேன்: மூச்சு எடுப்பதற்குள் துப்பாக்கி பூட்டுகிற என் மாமா.

மறுநாள் காலை மாடிப்படியில் ஸ்வெனைப் பிடித்தேன். "மாமாவின் கை எவ்வளவு வேகம் என்று நீங்கள் எழுதவில்லையே?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். இப்போது என் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"எனக்கு ஒரு உதவி செய்வாயா?" என்றார். "அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லாதே. புதுக் குழலில் பள்ளம் விழ விட்டேன் என்று கழகத்தில் தெரிந்தால் எனக்குப் பெரிய வெட்கம். சிரிப்பார்கள்."

"ஒருவருக்கும் சொல்லக்கூடாதா?"

"ஒருவருக்கும்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கைகொடுத்து ஒத்துக்கொண்டேன். வகுப்பில் கறுவாக் கேக்கைப் பற்றிச் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. பல வருடங்கள், ஸ்வெனின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்போடு வாயை மூடிக்கொண்டு திரிந்தேன்.

தொழில் பழகும் காலத்தில், பட்டறையில் ஒரு குழாயின் வாய் விளிம்பில் விழுந்த பள்ளத்தை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று எனக்குப் புரிந்தது. பார்த்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். துப்பாக்கியே தெரியாத ஒருவர் அதைப் பூட்டிவிட்டு விசையை அழுத்திப் பார்க்க மாட்டார். விளையாட்டுக்குச் சின்ன ரவையில் பழகியவரும் அழுத்த மாட்டார். பெரிய ரவைத் துப்பாக்கியை, யோசிக்கத் தேவையில்லாத அளவுக்குப் பூட்டிக் கழற்றிய கை மட்டுமே அந்தப் பிழையைச் செய்யும். ஸ்வெனுக்கு அது அந்த "டிக்"கிலேயே தெரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் தன் வெட்கத்தைக் காத்துத் தரும்படி கெஞ்சியபோதும் தெரிந்திருந்தது.

மாமாவுக்கு அடுத்த கோடையில் அனுமதி கிடைத்தது. இப்போது வைலேயில் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். ஸ்வென் இறந்துவிட்டார். அந்த இரண்டு வருடங்களில் மாமா எங்கே நின்றார், என்ன செய்தார் என்று அம்மா மறுபடி கேட்கவில்லை. மாமா சொல்லவுமில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.