நானூறு ஷாஃப்ட்டுக்கும் வெச்ச பொட்டு

ஃபேக்ஸ் மெஷினில் வெளிநாட்டிலிருந்து வந்த தாளை இரண்டு தடவை படித்தேன். "நானூறு ஷாஃப்ட்டிலும் பேரிங் உட்காரும் இடத்தில் துரு. ஒரு வாரத்தில் காரணம் சொல்லாவிட்டால் ஆர்டர் ரத்து."

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் இன்ஸ்பெக்டர் நான். எங்கள் முதலாளி தாராபுரத்துத் தோட்டத்தை விற்று, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. லேத் வாங்கிப்போட்டுப் பிடித்த முதல் வெளிநாட்டு ஆர்டர் அது, பம்புக்குள் சுழலும் நானூறு ஷாஃப்ட். போனால் கம்பெனியே போச்சு.

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். "எண்ணெய் பூசாமப் பெட்டி கட்டிருக்காங்க. பேக்கிங் ராஜாமணியம்மாவ நாளைலருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க."

கூடவே ஒரு போட்டோ நகல் வந்திருந்தது. துரு வட்டமாக, விரல் நுனி அகலத்தில், எல்லா ஷாஃப்ட்டிலும் ஒரே இடத்தில். அது என் மோதிர விரல் வைத்த தடம்.

லோடு கிளம்பின அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வழக்கமாக முதல் பீஸுக்கு மட்டும்தான் சந்தனம், குங்குமம் வைப்போம். முதல் ஏற்றுமதியாச்சே, ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விடுவதா என்று நானூறுக்கும் வைத்தேன். எண்ணெயில் பொட்டு வழுக்கியது. ராஜாமணியம்மா பூசியிருந்த துருத்தடுப்பு எண்ணெயை அந்த இடத்தில் மட்டும் துடைத்துவிட்டு வைத்தேன். ஈரச் சந்தனத்தோடு கப்பலில் ஒரு மாதம். எனக்கு எங்கே போச்சு புத்தி?

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கொஞ்ச நேரம் மூடிக்கொண்டுதான் நின்றேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

"அந்தம்மா பூசுனாங்க. நாந்தானுங்க பொட்டு வெக்கறதுக்குத் தொடச்சுப்போட்டேன்."

முழுக்கக் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து போட்டோவை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். என் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"என்னையக் கூப்பிட்டிருந்தா நானுந்தானுங்க வெச்சிருப்பேன்," என்றார். "இப்பச் சொன்னத அப்படியே எழுதி அனுப்புங்க."

பொட்டு என்பதை விளக்கவே எனக்கு முக்கால் பக்கம் ஆனது. மூன்றாம் நாள் பதில் வந்தது: "காரணம் தெளிவு. நானூறையும் மாற்றித் தரவும். அடையாளத்தைப் பெட்டியின் வெளியே வைக்கவும்."

மைக்ரான் அளவில் வேலை செய்யும் மெஷினை வாங்கினால் போதாது, கையும் அந்த அளவுக்கு வர வேண்டும். வராத கையை ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

மறு லோடுக்கு ராஜாமணியம்மாதான் பெட்டி மேல் பொட்டு வைத்தார். "நீங்க தள்ளியே நில்லுங்க," என்றார். நின்றேன்.