மலையம்மாள் கொல்லைக்குப் போன குளத்துத் தண்ணீர்

என் தம்பி முத்திருளனுக்கு நீச்சல்குளம் பராமரிப்பதுதான் வேலை. கப்பலூருக்கும் திருமங்கலத்துக்கும் இடையில் கம்பெனி முதலாளிகள் கட்டியிருக்கும் பங்களாக்களில் எந்தக் குளத்துத் தண்ணீர் கெட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. "ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டு லாரிக்கு நிக்குது, இவன் தண்ணிக்கு நாடி பாக்குறான்யா" என்பார்கள். அவன் சிரித்துவிட்டுப் போவான். சின்னக் குப்பியில் தண்ணீரை மொண்டு, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் மொள்ளுவான். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு நிதானம் யாருக்கும் கிடையாது.

நான் சமையல் வேலை பார்க்கும் சிவபாண்டி வீட்டுக் குளமும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. போன கோடையில் அந்தத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. எவ்வளவு குளோரின் போட்டும் பாசி சாகவில்லை. வருடக்கணக்கில் மாத்திரையாகவே போட்டு வந்ததால், அதில் கலந்திருக்கும் இன்னொரு மருந்து தண்ணீரில் தங்கித் தங்கி ஏறிவிட்டது என்றான் தம்பி. அது வெயிலுக்கும் போகாது, வடிகட்டினாலும் போகாது. பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அது ஒன்றுதான் வழி.

பங்களாவின் பின் சுவரை ஒட்டி மலையம்மாளின் கொல்லை இருந்தது. புருஷன் இல்லாதவள். கத்தரி போட்டிருந்தாள். பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது அவள் போர் வற்றிவிட்டது. அந்தத் துண்டு நிலத்தைச் சிவபாண்டி பலமுறை விலைக்குக் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். இந்த ஒரு வெள்ளாமையைக் கரையேற்றிவிட்டால் போரை ஆழப்படுத்தி நிலத்தைத் தக்க வைத்துக்கொள்வாள். காய்ந்துபோனால் கொடுத்துவிட வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

"மருமகனே, அம்புட்டுத் தண்ணியவும் ரோட்டுலயா விடப் போற?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"கொஞ்சம் பொறு அத்தை. இப்ப விட்டா மருந்து செடியக் கருக்கிரும்."

குளத்துக்கு மருந்து போடுவதை நிறுத்தினான். வெயிலில் குளோரின் போகட்டும் என்று காத்திருந்தான். தினமும் குப்பியில் பார்த்தான். பிறகு வரப்போரத்தில் இரண்டே செடிக்கு மட்டும் விட்டு, இலை வாடுகிறதா என்று பார்த்தான். வாடவில்லை. சிவபாண்டியிடம் கேட்டபோது, "விடுடா, நமக்குப் புண்ணியம் சேரட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் மோட்டாரைக் குளத்துக்குள் இறக்கி, குழாயைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டான். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. மலையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தி பாத்தியாக மடை திருப்பினாள்.

"ஒன் பொண்டாட்டிக்கு மொதப் பறிப்புல ஒரு பை காய் தாரேன் மருமகனே."

"அவ கத்தரிக்காயே திங்க மாட்டா அத்தை."

"திங்காதவளயா கட்டுன? போடா கிறுக்கா!"

கொல்லை முழுக்க நனைந்ததும் சாப்பிட்டு வாரேன் என்று வீட்டுக்குப் போனாள். குளத்தில் அடித்தண்ணீர் மட்டும் கிடந்தது. அப்போது சிவபாண்டி வந்தார். ஓடுகளில் படிந்த கறையை உடனே ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார்.

"குழாய எடுத்துட்டு ஊத்துறேண்ணே. ஆசிட் தண்ணியச் சோடாப்பொடி போட்டு முறிச்சு, வண்டியில ஏத்தித்தான் விடணும்."

"குழாய் இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். "அந்தப் பக்கம் கத்தரி நிக்கிதுண்ணே."

"நிக்கிறது எனக்குத் தெரியாதா? சொன்னதச் செய்டா."

தம்பி மோட்டாரை அணைத்தான். குழாயைக் கழற்றிச் சுருட்டிக் கீழே வைத்தான். "என்னால முடியாதுண்ணே" என்றான்.

அவ்வளவுதான். அவனை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நான் மொட்டைமாடியில் வற்றலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தோட்டக்காரன் ஜெயபாண்டி குழாயை மறுபடி மாட்டியதையும், கேன் கேனாக ஆசிட் ஊற்றியதையும், மோட்டாரைப் போட்டதையும் மேலேயிருந்து பார்த்தேன். "அய்யா, வேணாம்யா!" என்று கத்தினேன். சிவபாண்டி அண்ணாந்து பார்த்து, "வத்தலக் காக்கா கொத்திரப் போகுது, அதப் பாரு" என்றார்.

நான் இறங்கிப் பின்வாசல் வழியாக ஓடினேன். தம்பி எனக்கு முன்பே கொல்லைக்குள் போயிருந்தான். வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டி அணை போட்டுக்கொண்டிருந்தான். போடப் போடக் கரைத்துக்கொண்டு போனது தண்ணீர். மண் நுரைத்தது. மண்புழுக்கள் மேலே வந்து துடித்துச் செத்தன. அவன் வெறுங்காலில் நின்றான்.

மலையம்மாள் திரும்பி வந்தபோது அவள் கண்டது, கொல்லை நடுவில் மண்வெட்டியோடு நிற்கும் என் தம்பியையும் நுரையையும்தான். அவள் வாய் திறக்குமுன் சுவருக்கு மேலே சிவபாண்டியின் தலை தெரிந்தது.

"ஏன்டா, ஆசிட் ஊத்துறப்ப குழாயத் திருப்பணும்னு தெரியாதாடா ஒனக்கு? பாவம், பொம்பளப் பொழப்ப இப்பிடிக் கெடுத்துட்டியேடா!"

மலையம்மாள் குனிந்து, நனையாத வரப்பில் இருந்து இரண்டு கை மண்ணை வாரினாள். தம்பி முகத்துக்கு நேரே தூற்றினாள். "நீ வெளங்க மாட்ட! ஒன் அடுப்பு எரியாது! என் கொல்ல மாதிரியே நீயும் கருகிப் போவ!"

நான் குறுக்கே போய் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் காதில் வாங்காமல் தூற்றிக்கொண்டே இருந்தாள். தம்பி கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அவன் கால் வெந்துபோய்ப் படுத்துக் கிடந்தான். நான் அந்த வீட்டு வேலையை விட்டேன். சிவபாண்டி குளத்தைக் கழுவி, லாரித் தண்ணீர் நிரப்பினார். கத்தரி வேரோடு வெளுத்துச் செத்தது. ஆடி பிறக்குமுன் மலையம்மாள் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

செருப்புப் போடும் அளவுக்குக் கால் ஆறியதும் தம்பி அவளைப் பார்க்கக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். அவள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் ஊத்தலத்தை."

"தெரியும்டா."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். செவுத்துக்கு மேல அவன் தலையப் பாத்தப்பயே தெரியும்." அவள் புளியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவனுக்கு நேரா மண்ணத் தூத்திட்டு இந்த ஊர்ல நான் எங்கடா இருக்குறது? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. யாரையாச்சும் வையணும்ல. நீதான் நின்ன."

"ஊர்ல எல்லாரும் நான்தான் ஊத்துனேன்னு சொல்றாக அத்தை. வேலைக்கு யாரும் கூப்புட மாட்டேங்குறாக. நீ ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"அவன் தோட்டத்துக்குக் களையெடுக்க என்னையக் கூப்புட்டுருக்கான்" என்றாள் மலையம்மாள். "நான் எப்பிடிச் சொல்லுவேன்? போ சாமி."

தம்பி எழுந்தான். வாரேன் அத்தை என்றுகூடச் சொன்னான். அவள் அடுத்த புளியை எடுத்து உடைத்தாள்.

இன்றைக்குக் கேட்டாலும் முத்திருளன்தான் ஆசிட்டை விட்டான் என்பார்கள். என் தம்பி விடவில்லை. அவன் கையில் மண்வெட்டி இருந்தது. நான் பார்த்தேன்.